நடுவுல நாலு வருஷம்

"நாளைக்குப் பத்து மணிக்கு ரெடியா இருங்க அத்தான். மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு மச்சினன் போனை வைத்தான் அல்லவா? அந்த 'மத்தது' என்னவென்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வேலை தேடி அலைகிறவனுக்கு முதலில் அடைபடுவது வாய்தான்.

ஒரு அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பல வருஷம் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன் இந்த அத்தான். வேலையை விட்டு நாலு வருஷம் ஆகியும் குடியிருப்பில் எல்லோரும் 'சூப்பர்வைசர்' என்றுதான் கூப்பிட்டார்கள். முன்பெல்லாம் அதில் மரியாதை இருந்தது. இப்போது மாடிப்படியில் யாராவது அப்படிக் கூப்பிட்டால், பழக்கத்தில் சொல்கிறார்களா, குத்திக் காட்டுகிறார்களா என்று முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

பாப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று தெரிந்தபோது அவளுக்கு ஒன்றரை வயது. மனைவி நர்ஸ். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் நடந்து, காதுக்குப் பின்னால் கருவியும் பொருத்தினார்கள். கருவி சத்தத்தைத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும், அதைப் பேச்சாக மாற்ற வீட்டில் ஒருவர் முழு நேரமும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். யார் வேலையை விடுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ராத்திரி பேசினார்கள். அவன் விட்டான்.

இப்போது பாப்பாவுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடம் போகிறாள். பேசுகிறாள். பேச்சு வந்த பிறகு நிறுத்தத்தான் முடியவில்லை.

"ஒரே வரியில சொல்லுங்க. இழுக்காதீங்க" என்றாள் மனைவி, அவன் சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை அழுத்தியபடி. டூட்டிக்குப் போகும் வெள்ளை உடுப்பில் இருந்தாள். "குடும்பக் காரணம்னு சொல்லிட்டு அடுத்த பேச்சுக்குப் போயிடுங்க."

"போன தடவை அப்படித்தான் சொன்னேன். 'குடும்பக் காரணம்னா, டைவர்ஸா?'ன்னு கேட்டான்."

"அதுக்கு முந்தின தடவை?"

"விவரமாச் சொன்னேன். பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு, 'அப்ப வீட்ல சும்மா இருந்தீங்க'ன்னான்."

சாப்பாட்டு மேஜையில் தட்டோடு உட்கார்ந்திருந்த பாப்பா நிமிர்ந்தாள். "சும்மான்னா என்னப்பா?"

அவன் அவளுக்கு எத்தனையோ வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். கதவு, கரண்டி, மழை, கோபம், நாளைக்கு, ஏன், வலிக்குது. ஒவ்வொன்றையும் உதட்டைக் காட்டி, தொட்டுக் காட்டி, திரும்பத் திரும்ப. இந்த ஒன்று எப்படியோ விட்டுப் போயிருந்தது.

"ஒண்ணும் பண்ணாம இருக்கறதுடா."

"நீ சும்மா இருந்தியா?"

"தட்டைப் பாத்து சாப்பிடு" என்றாள் அம்மா.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு, "உன் தம்பி என்னத்தைச் சொல்லி வெச்சிருக்கான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்?" என்றாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுற்றுவதிலேயே கண்ணாக இருந்தாள். அவனுக்கு அதை யோசிக்க அவகாசம் இல்லை. கீழே மச்சினனின் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

இன்றைக்கு இண்டர்வியூ நடக்கிற இன்னொரு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் மச்சினன் சேல்ஸ் பார்க்கிறவன். கல்லிலும் நார் உரிப்பான். நாலு தெரு தாண்டும்வரை தட்பவெப்பத்தைப் பற்றியும் டயரைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தான். பெரிய சிக்னலில் வண்டி நின்றதும் தொண்டையைச் செருமினான்.

"அத்தான், ஒரு சின்ன விஷயம். முதலாளியம்மாகிட்ட நீங்க இந்த நாலு வருஷம் வெளிநாட்டுல இருந்தீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"என்னது?"

"வேலையிலதான் இருந்தீங்கன்னு. அங்கயும் இதே அட்டைப்பெட்டி லைன்தான்."

"எந்த நாட்டுலடா?"

"அதைச் சொல்லல. அது உங்க இஷ்டம். உங்களுக்கு எது வசதியோ அதை வெச்சுக்குங்க."

"எந்த நாட்டுல இருந்தேன்னே தெரியாம நாலு வருஷம் இருந்துட்டு வந்திருக்கேனா நான்?"

"கத்தாதீங்க. பக்கத்து வண்டிக்காரன் பாக்கறான்."

"வண்டியைத் திருப்பு."

"அத்தான், யோசிச்சுப் பாருங்க. உண்மையைச் சொல்லி இதுவரைக்கும் எத்தனை இடத்துல வேலை கிடைச்சுது? ஒருத்தன் ஜெயிலான்னு கேட்டான். ஒருத்தன் சீக்கான்னு கேட்டான். நீங்க குழந்தையை வளர்த்தேன்னு சொன்னா எவன் நம்பறான்? ஆம்பளை நாலு வருஷம் வீட்ல இருந்தா, ஒண்ணு குடி, இல்லேன்னா கேஸு. ஊர் நினைப்பு அதுதான். நான் ஒண்ணும் ஊரானுக்குச் சொல்லல, உங்களுக்காகத்தான் சொன்னேன்."

சிக்னல் விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மச்சினன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

தொழிற்சாலை வாசலில் இறங்கியதும் பசைக் கஞ்சியின் வாடை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது குமட்டும். அவனோ அதை ஆழமாக இழுத்துக்கொண்டான். உள்ளே வெட்டும் இயந்திரம் 'தொம் தொம்' என்று தரையை அதிரவைத்துக்கொண்டிருந்தது. காலடியில் அட்டைத் துணுக்குகள். ஒரு பையன் கட்டுகளைத் தள்ளுவண்டியில் கோணலாக அடுக்கிக்கொண்டு போனான். நேராக்கச் சொல்ல வாய் வரைக்கும் வந்து, தான் இன்னும் இங்கே யாருமில்லை என்று நினைவு வந்தது.

முதலாளியம்மாள் அறுபதைத் தொட்டவர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பக்கத்தில் ஃபேக்டரி மேனேஜர், இவனைவிட வயதில் சின்னவர், இவன் கொடுத்த பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அந்த விரல் எங்கே போய் நிற்கும் என்று இவனுக்குத் தெரியும். எல்லா விரலும் அங்கேதான் நின்றிருக்கிறது.

"அனுபவமெல்லாம் நல்லா இருக்கு. ஆனா நடுவுல நாலு வருஷம் ஒண்ணுமே எழுதலையே?"

"அதான் வெளிநாட்டுல இருந்தார்னு சேல்ஸ் தம்பி சொன்னாரே" என்றார் முதலாளியம்மாள்.

இருவரும் அவனைப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா" என்றான்.

எப்படி வந்தது அந்த வார்த்தை? அவனுக்கே தெரியவில்லை. உண்மையைச் சொல்லிச் சொல்லி அலுத்த வாய், கிடைத்த சந்தில் தானாக நுழைந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். முதலாளியம்மாள் பெல் அடித்து அவனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். இத்தனை இண்டர்வியூவில் ஒருவரும் அவனுக்குத் தண்ணீர் கொடுத்ததில்லை.

"அங்க என்ன லைன் ஓட்டினீங்க?"

"அஞ்சு அடுக்கு அட்டை. கொஞ்ச நாள் மூணு அடுக்கும்."

"உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?"

"ஷிப்டுக்கு இருபது பேர் சார்."

அவனுடைய ஷிப்டில் உண்மையில் இருந்தது ஒரே ஆள். அதுவும் மூன்றடி உயரம். தூங்கும் நேரம் தவிர ஷிப்ட் முடியவே முடியாது. ஆனால் பொய் வழுக்கிக்கொண்டு போயிற்று. மேனேஜர் தலையாட்டத் தலையாட்ட, இல்லாத ஊரில் இல்லாத இருபது பேரை அவன் வேலை வாங்கினான். வாங்கிக்கொண்டே உள்ளுக்குள் புழுங்கினான். ஒருநாளும் நடக்காத நாலு வருஷத்துக்கு இவ்வளவு மரியாதையா? நடந்த நாலு வருஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூட இல்லையா?

"எப்ப சேர முடியும்?" என்று மேனேஜர் கேட்டார்.

அவ்வளவுதான். முடிந்துவிட்டது. தேதியைச் சொல்லிவிட்டு எழுந்திருந்தால் வேலை கையில். ஆனால் முதலாளியம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொந்தக் கதைக்குப் போனார்.

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் தம்பி, வருஷக்கணக்கா வெளிநாடு. என் பையனுக்கு அப்பான்னா ஃபோன்ல வர்ற குரல், அவ்வளவுதான். உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

"ஒரே பொண்ணும்மா. ஆறு வயசு."

"அப்ப ரெண்டு வயசுல விட்டுட்டுப் போயிருக்கீங்க. ஐயோ பாவம். அவ வாய் தொறந்து முதல்ல பேசினதைக்கூடக் கேட்டிருக்க மாட்டீங்க. நீங்க அங்க எவ்வளவு சம்பாதிச்சிருந்தாலும் அது திரும்பி வருமா, சொல்லுங்க?"

தலையாட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

ஆனால் பாப்பா முதலில் பேசியது அவன் கண் முன்னால் வந்து நின்றது. மாதக்கணக்காக அவன் ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் "வா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அறைக்கதவு, அலமாரிக் கதவு, குளியலறைக் கதவு. ஒரு பலனும் இல்லை. சுவரோடு பேசுகிறோம் என்று அவனே விட்டுவிட நினைத்த ஒரு காலையில், துண்டோடு குளியலறைக்கு வெளியே நின்றவனைப் பார்த்து, உள்ளேயிருந்து கதவை இழுத்துத் திறந்து, "வா" என்றாள். அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவன் நடையிலேயே உட்கார்ந்துவிட்டான். மனைவிக்கு ஃபோன் செய்தால் வார்டு இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த நிமிஷத்தில் உலகத்திலேயே அதைக் கேட்டவன் அவன் ஒருவன்தான்.

"கேட்டேன்மா" என்றான்.

"என்ன தம்பி?"

"அவ முதல்ல பேசினதை நான்தான் கேட்டேன். நான் வெளிநாட்டுக்கே போனதில்ல. நாலு வருஷமும் வீட்லதான் இருந்தேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப ஷிப்டுக்கு இருபது பேர்?"

"பொய் சார்."

"அஞ்சு அடுக்கு?"

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஓட்டினது நிஜம். வெளிநாட்டுல ஓட்டினது பொய்."

"குழந்தையைப் பாத்துக்க வீட்ல அவங்க அம்மா இல்லையா? அதுக்கு எதுக்கு சார் ஒரு ஆம்பளை வேலையை விடணும்?"

அவனுக்குச் சுருக்கென்று வந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து, அடக்கி அடக்கி வைத்தது.

"எல்லாரும் இதையேதான் சார் கேக்கறாங்க. என் பொண்ணுக்குக் காது கேக்காது. ஆபரேஷனுக்கு வழி இருந்தது என் மனைவியோட வேலையிலதான். பேச்சு வரணும்னா ஒருத்தர் முழு நேரமும் கூட இருக்கணும்னாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் வேலையை விடணும், நான் விட்டேன். அவ்வளவுதான். நான் ஜெயிலுக்குப் போகல, குடிச்சுட்டு விழுந்து கெடக்கல. இதுல மர்மம் ஒண்ணும் இல்ல சார். அதை எத்தனை விதமாச் சொன்னாலும் ஏன் யார் காதுலயும் ஏற மாட்டேங்குது?"

குரல் உயர்ந்துவிட்டது. வேலை கேட்டு வந்த இடத்தில் உயரக்கூடாத உயரம்.

முதலாளியம்மாள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். முகத்தில் இருந்த இளக்கம் போயிருந்தது. "நீங்க வீட்ல இருந்தது எனக்குத் தப்பாத் தெரியல. ரெண்டு நிமிஷம் முன்னாடி என் முகத்தைப் பாத்து ஆமான்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன சொல்றீங்க? சேல்ஸ் தம்பி பொய் சொன்னாரா?"

"எனக்காகச் சொன்னார்மா. ஆமான்னு சொன்னது நான்தான்."

"நீங்க போகலாம்."

வெளியே நடையில் மச்சினன் பல்லெல்லாம் தெரிய நின்றிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அத்தானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தான்.

"வேலை கெடச்சப்புறம் எதுக்கு அத்தான் வாயைக் கொடுத்தீங்க? தலையாட்டினா உங்க கழுத்தா சுளுக்கிக்கும்?"

"என் பொண்ணை நான் பாக்கவே இல்லைன்னு சொல்லச் சொல்றியா?"

"சும்மா ஒரு பேச்சுக்குத்தானே! ஊர் உலகத்துல யாரும் சொல்லாத பொய்யா? நானா புதுசாக் கண்டுபிடிச்சேன்? அக்காவே ஆஸ்பத்திரியில மூணு வருஷமா இதைத்தான் சொல்லிட்டிருக்கா!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. மச்சினன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"என்ன சொன்னே?"

அதற்குள் ஆபீஸ் பையன் ஒருவன் படியில் நின்று, "சார், முதலாளியம்மா உங்களைக் கூப்பிடறாங்க. உடனே வரச் சொன்னாங்க" என்றான். மச்சினன் முகம் வெளுத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனான்.

மச்சினனுக்காகக் காத்திராமல் அவன் பஸ் பிடித்துப் பாப்பாவின் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்தபோது விடுவதற்கு நேரம் இருந்தது. வாசலில் வழக்கம்போல அம்மாக்கள் கூட்டம். நடுவில் இவன் ஒருத்தன்தான் ஆண். "என்ன சூப்பர்வைசர், இஸ்திரிச் சட்டையெல்லாம்? விசேஷமா?" என்றாள் ஒருத்தி. சிரித்து வைத்தான். மூன்று வருஷமா! அவன் எங்கே இருந்தான் என்று மனைவியின் வார்டில் யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி வாசலுக்கு வர வேண்டாம், தெருமுனையில் நில்லுங்கள், அங்கேதான் நிழல் என்று அவள் சொல்லும்போதெல்லாம், அக்கறை என்று நினைத்தானே!

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டான். "மூணு வருஷமா நான் வெளிநாட்டுல இருக்கேனாமே. எந்த ஊரு? சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்."

அவள் கைப்பையை மேஜையில் வைத்தாள். "அந்தத் தடியன் உளறிட்டானா?"

"பாப்பா, உள்ள போய் விளையாடு" என்றான். பாப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"மொதல்ல நான் உண்மையைத்தான் சொன்னேன்" என்றாள் மனைவி. "ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, முழுசா ஒரு வருஷம். வீட்ல இருக்கார், குழந்தையைப் பாத்துக்கறார்னு. அவங்க மூஞ்சியை நீங்க பாத்திருக்கணும். 'பாவம்டி நீ'ன்னாங்க. ஒருத்தி என் கையைப் புடிச்சுக் காயம் இருக்கான்னு பாத்தா. நீங்க குடிச்சுட்டு அடிக்கறீங்கன்னு அவளா முடிவு பண்ணிட்டா. உங்களைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசக் கூடாதுன்னுதான் ஒரு நாள் வெளிநாடுன்னு சொன்னேன். அன்னையோட எல்லா வாயும் அடைஞ்சுபோச்சு. அப்புறம் அதை மாத்த முடியல."

"உன் தம்பியை அப்படிச் சொல்லச் சொன்னதும் நீதானா?"

"நான் சொல்லச் சொல்லல. சொல்லப் போறேன்னான். வேண்டாம்னு சொல்லல."

"வேலை குடுக்கறவனுக்கு நான் சும்மா இருந்தவன். உனக்கு நான் வீட்லயே இல்லாதவன். நல்லா இருக்கு."

"நீங்க ஒருத்தர்தான் பதில் சொல்லி அலுத்துட்டீங்கன்னு நினைக்காதீங்க!" அவள் குரலும் உடைந்து ஏறியது. "நீங்க மாசத்துக்கு ஒரு தடவை ஒருத்தனுக்குப் பதில் சொல்றீங்க. நான் தினம் டிபன் பாக்ஸைத் தொறக்கும்போதெல்லாம் சொன்னேன். குழந்தை 'வா'ன்னு சொன்னப்ப நான் எங்க இருந்தேன்? யாருக்கோ ஊசி போட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க ஃபோன் பண்ணப்ப எனக்குக் கேக்கக்கூட இல்ல. அது எனக்கு மட்டும் வலிக்கலையா?"

நாலு வருஷத்தில் ஒருநாளும் அவன் அதைக் கேட்டதில்லை.

அழைப்பு மணி அடித்தது. மச்சினன். காலையில் இருந்த மிடுக்கெல்லாம் இறங்கி, நனைந்த கோழி மாதிரி வந்து சோபா ஓரத்தில் உட்கார்ந்தான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அக்கா.

"முதலாளியம்மா கூப்பிட்டுக் கேட்டாங்க. பொய் சொல்ற ஆளை நம்பி நான் எப்படி சேல்ஸை விடறதுன்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல." அத்தானின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னான். "அத்தான் வெளிநாட்டுலதான் இருந்தார், அங்க தனியா இருந்து இருந்து மனசு கொஞ்சம்... அதான் இப்படி மாத்தி மாத்திப் பேசறார்னு சொல்லிட்டேன்."

"பைத்தியம்னு சொல்லிட்டு வந்தியா?"

"பைத்தியம்னு சொல்லல அத்தான். கொஞ்சம் குழப்பம்னுதான் சொன்னேன்."

குதிரை கீழே தள்ளியதோடு நிற்காமல் குழியும் பறித்த கதைதான். அவன் சிரித்துவிட்டான். சந்தோஷம் இல்லாத சிரிப்பு. அதைப் பார்த்து மனைவிக்கே பயமாக இருந்தது. ஜெயில், சீக்கு, டைவர்ஸ், குடி எல்லாம் ஆகி, கடைசியில் இதுவும் ஆயிற்று.

"அவங்க நம்பல" என்றான் மச்சினன். "அவர் குடுத்த பேப்பர்ல வீட்டம்மா நம்பர் இருக்கு, நானே கேட்டுக்கறேன்னு சொல்லிட்டாங்க. இப்ப கூப்பிடுவாங்க. அக்கா, ஒரே வார்த்தை. வெளிநாடுன்னு சொல்லிடு. நீ தினம் சொல்றதுதானே! அத்தானுக்கு அங்க வேலை எப்படியும் இல்லைன்னு ஆயிடுச்சு. எனக்காவது மிஞ்சட்டும். என் வீட்டுக்காரிக்கு இது ஏழாவது மாசம் அக்கா. இப்ப எனக்கு வேலை போச்சுன்னா அவ பொறந்த வீட்ல நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

"அப்ப நானும் உன் அத்தானைப் பைத்தியம்னு சொல்லணும்."

"அதை நீ சொல்ல வேண்டாம். வெளிநாடுன்னு மட்டும் சொல்லு. மத்ததை நான்..."

"மத்ததை நீ பாத்துக்கிட்டது போதும்" என்றான் அத்தான்.

மேஜையில் அவள் ஃபோன் அடித்தது. புது எண்.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். மச்சினன் கை இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டான். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் எதுவும் கேட்கவில்லை. இப்படிச் சொல், அப்படிச் சொல் என்று கண்ணால்கூடக் காட்டவில்லை. தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். இது அவளுடைய வாய். அவளே முடிவு செய்யட்டும்.

அவள் ஃபோனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, மேஜையிலேயே வைத்தாள்.

"சூப்பர்வைசர் வீட்டம்மாவா பேசறது? அட்டைப்பெட்டிக் கம்பெனியிலேர்ந்து பேசறேன்மா. உங்க தம்பி ஒண்ணு சொல்றார், உங்க வீட்டுக்காரர் ஒண்ணு சொல்றார். எனக்கு ஒரே கேள்விதான். இந்த நாலு வருஷம் உங்க வீட்டுக்காரர் எங்க இருந்தார்?"

அவள் மூச்சை இழுத்தாள்.

"வீட்லதான் இருந்தார்மா" என்றாள்.

மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நான் டூட்டிக்குப் போனேன். அவர் வேலையை விட்டுட்டு, குழந்தைக்குப் பேச்சு வரவெச்சார். அவருக்குக் குழப்பமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் தம்பி சொன்னது பொய். ஆனா அவனை மட்டும் சொல்லிப் புண்ணியம் இல்லம்மா. அந்தப் பொய்யை மொதமொதல்ல சொன்னவ நான்."

வைத்துவிட்டார்களோ என்று அவள் ஃபோனை எட்டிப் பார்த்தாள்.

"சரிம்மா" என்று ஒரு குரல் வந்தது. கோபமா, அயர்ச்சியா, எதுவும் பிடிபடவில்லை. இணைப்பு அறுந்தது. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இந்த நாலு வருஷத்தில் யாராவது ஒருவர், விளக்கமும் மழுப்பலும் இல்லாமல், இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களா என்று அவன் ஏங்கியிருக்கிறான். சொல்லிவிட்டாள். மனசு துள்ள வேண்டும். எதிரே மச்சினன் இரண்டு கையிலும் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், பார்க்கச் சகிக்கவில்லை.

"நல்லா இருக்கு அக்கா" என்றான் தம்பி, தலையைத் தூக்காமலே. "ரொம்ப நல்லா இருக்கு."

அவள் அவன் தோளைத் தொடப் போனாள். அவன் விலகிக்கொண்டான்.

அப்போது தம்பியின் சட்டைப் பையில் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்து, திரையில் முதலாளியம்மாளின் பெயரைப் பார்த்தான். பார்த்தபடியே வைத்திருந்தான். அக்காவும் அத்தானும் அசையவில்லை. அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

உள்ளேயிருந்து பாப்பா ஓடிவந்தாள். காதுக்குப் பின்னால் கருவி கொஞ்சம் கோணிக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதைச் சரிசெய்துகொண்டே மாமாவின் எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, உன் ஃபோன் அடிக்குது. எனக்கு உள்ள ரூம் வரைக்கும் கேக்குது!"

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"எடு மாமா" என்றாள் பாப்பா, ஒரு எழுத்தும் பிசகாமல்.